பூஜ்யம் மேலே இருந்த ஊர்

கோலாரிலிருந்து வந்த கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை விஷயம் தெரிவதற்காக. இரண்டாவது முறை அதில் எழுத்துப்பிழை தேடுவதற்காக. ஓர் அலுவலகம் நம்மை மறுக்கும்போது அதன் பிழைகளாவது நம் கையில் இருக்க வேண்டும். மூன்றாவது முறை படித்ததற்குக் காரணம் கடைசிப் பத்தி. அதை என்னால் நம்ப முடியவில்லை.

சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைனில் பதினெட்டு வீடுகள். பதினெட்டுக்கும் பொதுவாக ஓர் ஆழ்துளைக் கிணறு போட அனுமதி கேட்டு நான் கொடுத்த மனு நிராகரிக்கப்பட்டிருந்தது. காரணம் இரண்டு. ஒன்று, பூமியில் கனம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று அளக்கும் செயற்கைக்கோள்களின்படி, இந்தப் பிரதேசத்தின் நிலத்தடி நீர் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகிறது. இரண்டு, மனுதாரர் தம் கையெழுத்துடன் கொடுத்திருக்கும் நீர்மட்ட அளவுகளும் அதையே உறுதி செய்கின்றன.

மனுதாரர் நான்தான். அளவுகளும் என்னுடையவைதான். ஆனால் நான் அளந்த தண்ணீர் ஆறு வருஷமாக ஏறிக்கொண்டிருக்கிறது.

என் மனைவி முறத்தை மடியில் வைத்து அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். தை மாதம், ஊரே அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

"இன்னா எழுதிக்கிறாங்க?" என்றாள்.

"தண்ணி இல்லயாம்."

"யாரு சொன்னதாம்?"

"நான் சொன்னேனாம்."

அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு உரிப்பதைத் தொடர்ந்தாள். நாற்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அந்தப் பார்வைக்குப் பல அர்த்தங்கள் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு இருந்தது புதுசு.

கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் பகுதியில் எங்கள் லைன் இருக்கும் இடம் ஒரு மேடு. பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குழாயில் பத்து நாளைக்கு ஒரு முறை வரும். வருவதற்கு முன் குழாய் ஒரு மணி நேரம் இருமும். லைனுக்குப் பொதுவாக இருந்த பழைய போர்வெல் இரண்டு கோடைக்கு முன்பு மணலைக் கக்கிவிட்டு ஓய்ந்தது. அதன்பிறகு டேங்கர். டேங்கர் லாரி எங்கள் சந்துக்குள் நுழையாது; ரோட்டு முனையில் நிற்கும். அங்கிருந்து குடத்தை மேட்டில் தூக்கி வர வேண்டும். எனக்கு முதுகு போய்விட்டது. அவளுக்கு வலது முழங்காலை அறுத்து உலோகம் வைத்திருக்கிறார்கள். பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் பென்ஷன் விஷயமாக பேங்குக்குப் போகும் நாளாகப் பார்த்து அவள் தூக்குவாள். திரும்பி வந்து பார்த்தால் அண்டா நிறைந்திருக்கும். யார் நிரப்பியது என்று கேட்டால், "அதுவா நெறைஞ்சிச்சு" என்பாள்.

பெங்களூருவில் பையன் வீடு மூன்றாவது மாடி. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். அதைத் தவிர அந்த வீட்டில் எனக்குப் பிடித்தது எதுவும் கிடையாது. போன தீபாவளிக்கே அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "இந்த வெயில் காலத்துக்குள்ள போர் வரலன்னா நான் பையன் வீட்டுக்குப் போயிடுவேன். போனா போனதுதான். ஏறி எறங்க எனக்குக் கால் இல்ல."

ஆகையால் அந்த மனு வெறும் மனு இல்லை. அதில்தான் என் குடித்தனம் இருந்தது.

தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதில் லைனில் யாருக்கும் சந்தேகமில்லை. வீடுகளுக்குப் பின்னால் நூறு தப்படி தள்ளி சுரங்கத்துக்குக் காற்றுப் போக வெட்டிய ஒரு பழைய ஷாஃப்ட், கிணறு மாதிரி ஆழமான குழி, இருக்கிறது. வாயில் இரும்புக் கிராதி போட்டு மூடியிருக்கிறார்கள். சுரங்கம் ஓடிய காலத்தில் பம்புகள் இரவும் பகலும் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளும். சுரங்கத்தை மூடினார்கள், பம்பை நிறுத்தினார்கள், தண்ணீர் தன் பாட்டுக்கு ஏற ஆரம்பித்தது. எங்கள் காலடியில் மைல் கணக்கில் வெட்டிவைத்த இருட்டெல்லாம் இப்போது தண்ணீர். போர் போட்டால் வரப்போவதும் அதுதான். அதைக் குடிக்க முடியாது. அதில் என்னென்ன கரைந்திருக்கும் என்பது உள்ளே வேலை பார்த்த எனக்குத் தெரியும். நாங்கள் குடிக்கவும் கேட்கவில்லை. கக்கூஸில் ஊற்ற, தரை கழுவ. மனுவில் இதை மூன்றாம் பக்கத்தில் தனிப் பத்தியாகவே எழுதியிருந்தேன்.

நான் சுரங்கத்தின் சர்வே ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவன். மூடிய பிறகு பெங்களூருவில் ஒரு கட்டுமானக் கம்பெனிக்கு ரயிலில் போய் வந்து மிச்ச வருஷங்களை ஓட்டினேன். அந்த ஷாஃப்டில் தண்ணீர்மட்டத்தை அளக்க ஆரம்பித்தது ஓய்வுக்குப் பிறகு. முறைப்படி அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. முப்பது நாள் கழித்து ஒரு நினைவூட்டல். அதற்கும் இல்லை. மறுபடி முப்பது நாள் காத்திருந்து, 'ஆட்சேபணை ஏதும் வராததால்' என்று ஆரம்பித்து மூன்றாவது கடிதம் எழுதி, அதன் நகலைக் கோப்பில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். ஊரில் பாதிப் பேர் அதே கிராதி மேல் வடகம் காயவைக்கிறார்கள். அவர்கள் யாரும் கடிதம் எழுதவில்லை.

எதிர்வீட்டுக்காரர் வைண்டிங் இன்ஜின் டிரைவராக இருந்தவர். ஆட்களை ஏற்றிய இரும்புக் கூண்டை, கேஜை, ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு இறக்கி, கோலி குண்டை மேஜைமேல் வைப்பது போல நிறுத்துவார். அவர்தான் எனக்குத் துணை. சைக்கிள் ரிம் ஒன்றில் மெல்லிய இரும்புக் கம்பியைச் சுற்றி, பத்தடிக்கு ஒரு பித்தளை வில்லை கட்டி, நுனியில் அடிப்பக்கம் குழிந்த ஒரு பித்தளைக் கட்டியைத் தொங்கவிட்டோம். அது தண்ணீரைத் தொட்டால் 'டொப்' என்று ஒரு சத்தம் கீழிருந்து வரும். எனக்குக் காது மந்தம். அவருக்குக் காதே வேண்டாம், கம்பியிலேயே தெரியும்.

"தொட்டிச்சு," என்பார். நான் கிராதியில் ஒரு தட்டுத் தட்டுவேன். சுரங்கத்தில் ஒரு மணி என்றால் நிறுத்து. அவர் எதிரே முக்கால் அடி தூரத்தில்தான் நிற்கிறார், வாயால் சொன்னால் போதும். ஆனாலும் தட்டுவேன். அவரும் தட்டினால்தான் நிறுத்துவார்.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி. அன்றைக்குப் பௌர்ணமியாக இருந்தால் அவர் புத்த விகாரைக்குப் போய்விட்டு வந்த பிறகு. ஆறு வருஷம், ஒரு மாதம் விடவில்லை. அவருக்கு இந்தப் பதிவில் பெரிய நம்பிக்கை கிடையாது.

"இன்னா சர்வேயரே, ஆறு வர்சமா எழுதிக்கினே கீற. கவர்மெண்ட்டு வந்து ஒனக்கு மெடலு குத்தப் போவுதா?"

"பதிவு இருந்தா நாளைக்கு ஒதவும்."

"நாளைக்குன்னா? நமக்கு எத்தினி நாளைக்கு கீது?"

அப்படிப்பட்ட ஒரு முதல் தேதியில்தான் பெங்களூருவிலிருந்து அந்தப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், ஆராய்ச்சி செய்கிறவள், கோலார் பக்கத்துப் பெண். கன்னடம் கலந்த தமிழ். கிணற்று அளவு யாராவது தொடர்ந்து எழுதிவைத்திருக்கிறார்களா என்று தாலுகா தாலுகாவாக விசாரித்து வந்தவளை யாரோ என் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். என் பதிவேட்டைப் பார்த்ததும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். இருபது வருஷத்தில் என் கையெழுத்தைப் பார்த்து மகிழ்ந்த முதல் ஆள்.

அவள்தான் அந்தச் செயற்கைக்கோள்களைப் பற்றிச் சொன்னாள். இரண்டு. ஒன்றின் பின்னால் ஒன்று, ஒரே தடத்தில், இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட இடைவெளியில் பூமியைச் சுற்றுகின்றன. கீழே எங்காவது கனம் கூடுதலாக இருந்தால், பனிப்பாறையோ, மழையில் ஊறிய மண்ணோ, முன்னால் போவது முதலில் இழுபடும். இடைவெளி இம்மியளவு கூடும். பிறகு பின்னால் வருவது இழுபடும், இடைவெளி குறையும். அந்த இடைவெளியைத் தலைமுடித் தடிமனில் ஒரு சிறு பங்கு வரைக்கும் துல்லியமாக அளந்துகொண்டே போகின்றன. அந்த அளவுகளை வைத்து மாதம் ஒரு முறை உலகத்துக்கே ஒரு படம். மலை மாதா மாதம் மாறாது. எனவே இந்தப் பக்கத்தில் மாறுகிற கனம் பெரும்பாலும் தண்ணீர்.

எனக்கு உடனே புரிந்தது. சுரங்க சர்வேயில், ஷாஃப்டில் நாங்கள் இரண்டு கம்பிகளில் குண்டு கட்டித் தொங்கவிடுவோம். மேலே அவற்றுக்கு நடுவே என்ன இடைவெளியோ அதே இடைவெளி கீழேயும் இருக்கிறதா என்று பார்ப்போம். ஒரு நூல் வித்தியாசம் வந்தாலும் அன்றைய வேலை முழுக்கத் திரும்ப. இரண்டு பொருளின் நடுவே உள்ள இடைவெளியை நம்பிப் பிழைத்தவன் நான். எவனோ அதை வானத்தில் செய்கிறான் என்று கேட்டபோது, கொஞ்ச நேரம், நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

"எப்பத்துலருந்து அளக்கறாங்க?" என்று கேட்டேன்.

சுரங்கம் மூடிய மறு வருஷம்தான் முதல் ஜோடி மேலே போனதாம். எங்கள் ஊர் நூறு வருஷத்துக்கு மேல் செய்த ஒரே வேலை கனத்தை இடம் மாற்றுவது. கீழே இருந்த பாறையை மேலே கொண்டுவந்து அரைத்து மலையாகக் கொட்டினோம். அந்த சயனைட் மேடுகள் இன்றும் நிற்கின்றன. அவ்வளவு காலம் மேலிருந்து பார்க்க நாதியில்லை. கடையை மூடிய பிறகு தராசு வந்திருக்கிறது.

"இதுல நம்ம ஷாஃப்ட் எங்க?" என்று டிரைவர் அவளுடைய கம்ப்யூட்டரில் விரலை வைத்தார்.

அவள் சிரித்தாள். "ஷாஃப்ட் இல்ல அங்கிள், கேஜிஎஃப்பே தெரியாது. இந்த ஒரு கட்டம் பாருங்க. கோலார், பெங்களூரு, அந்தப் பக்கம் வேலூரு, எல்லாமே இதுக்குள்ள. எல்லாத்துக்கும் சேத்து ஒரே கலரு, தண்ணி கொறைஞ்சா செவப்பு. அவ்ளோ மேலருந்து இவ்ளோதான் பிரிச்சுப் பார்க்க முடியும்."

"அப்போ பெங்களூருகாரன் உறிஞ்சினா எங்க லைன் செவப்பாயிடுமா?"

"ஆயிடும். அதனாலதான் தரையில அளந்த கணக்கும் வேணும். ரெண்டையும் சேத்துப் பாத்தாத்தான் அர்த்தம்."

அவள் எதையும் மறைக்கவில்லை. அந்தப் படத்தை வைத்து ஒரு தெருவுக்குத் தண்ணீர் உண்டா இல்லையா என்று சொல்லக் கூடாது என்று அன்றைக்கே சொன்னாள். பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். அவள் கை கழுவ என் மனைவி சொம்பில் அளந்து தண்ணீர் ஊற்றியதை நான் கவனித்தேன். அவளும் கவனித்தாள்.

அந்தத் தெம்பில்தான் மனு எழுதினேன். படிவம் ஆறு பக்கம். நான்காம் பக்கத்தில் நீர்மட்ட அளவுகளுக்கு இரண்டு பத்திகள் இருந்தன. முதல் பத்தி: தரையிலிருந்து தண்ணீர் எத்தனை ஆழத்தில். இரண்டாவது பத்தி: நிலையான ஒரு குறியைப் பொறுத்து நீர்மட்டம். ஏதாவது ஒன்றை நிரப்பினால் போதும் என்று போட்டிருந்தது. முதல் பத்தி கயிற்றில் கல்லைக் கட்டி அளக்கிறவர்களுக்கு. என்னைப் போன்றவர்களுக்கு இரண்டாவது. அதைத்தான் நிரப்பினேன். பக்கத்திலேயே ஒரு சின்னக் கட்டம்: எந்தக் குறி? அதில் 'வழக்கம்போல்' என்று எழுதினேன்.

கடிதம் வந்த அன்று மத்தியானம் அந்தப் பெண்ணுக்கு போன் போட்டேன். வணக்கம் சொல்வதற்குள் என் கோபத்தை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேன். நீ சொன்னாயே, ஒரு தெருவுக்கு அந்தப் படம் பொருந்தாது என்று, கோலாரில் அதைத்தான் பொருத்தியிருக்கிறார்கள். அது போதாதென்று என் அளவுகளையே தலைகீழாகப் படித்திருக்கிறார்கள். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் அரசாங்கம் தண்ணீரைக் கொடுத்து வைத்திருக்கிறது.

"மனுவோட காப்பி அனுப்புங்க அங்கிள்," என்றாள்.

படம் எடுத்து அனுப்பினேன். 

"அங்கிள், முந்நூத்தி எழுபத்தெட்டுல ஆரம்பிச்சு, இப்ப முந்நூத்தி இருபத்தி நாலு. நம்பர் கொறைஞ்சுட்டே வருது."

"ஆமா. தண்ணி ஏறினா கொறையத்தானே செய்யும்?"

"உங்க பூஜ்யம் எங்க இருக்கு?"

"சர்வே ஆபீஸ் படியில. கருங்கல்லுல வெட்டியிருக்கும்."

"மேலயா, கீழயா?"

"மேலதான். பூஜ்யம் எப்பவும் மேலதான் இருக்கும்."

அதைச் சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

எங்கள் சுரங்கத்தில் எல்லா ஷாஃப்டுக்கும், எல்லா லெவலுக்கும் சேர்த்து ஒரே ஒரு பூஜ்யம். சர்வே ஆபீஸ் வாசல் படியில் வெட்டிய அந்தக் குறி. எந்த ஷாஃப்டின் வாயைவிடவும் அது உயரத்தில் இருக்கும்படி பார்த்து வைத்திருந்தார்கள், யாரும் எங்கேயும் மைனஸ் குறி போட வேண்டி வரக் கூடாது என்று. அங்கிருந்து எல்லாமே கீழ்நோக்கி. பெரிய எண் என்றால் பாதாளம், சிறிய எண் என்றால் வீடு. ஷிஃப்ட் முடிந்து கேஜில் ஏறி வருகிறவன் எண்கள் குறைவதைப் பார்த்துத்தான் மூச்சு விடுவான். என் ஷாஃப்டின் வாய் அந்தக் குறிக்கு முப்பத்தெட்டு அடி கீழே. ஆறு வருஷமும் ஒவ்வொரு அளவோடும் முப்பத்தெட்டைக் கூட்டி, சுத்தமாக, முறையாக எழுதியிருந்தேன். கூட்டாமல் கல் கட்டுகிறவர்கள் மாதிரி முதல் பத்தியில் எழுதியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை.

மற்ற உலகத்துக்குப் பூஜ்யம் கடல்மட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேலே எண்ணுவார்கள். மட்டம் குறைந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது என்று பொருள். கோலாரில் உட்கார்ந்திருந்தவர் நான் எழுதியதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார். அது ஐம்பத்து நான்கு அடி வீழ்ச்சி என்று சொல்லியிருக்கிறது. வானத்துப் படமும் சிவப்பு. இரண்டும் பொருந்தியிருக்கின்றன. தரைக் கணக்கும் வேண்டும், சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம் என்றாளே, சேர்த்துத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"எந்தக் குறின்னு கேட்ட எடத்துல 'வழக்கம்போல்'னு எழுதியிருக்கீங்க அங்கிள்," என்றாள் அந்தப் பெண், மிகவும் மென்மையாக.

"எங்க ஆபீஸ்ல அப்படித்தான் எழுதுவோம்."

"யாரோட வழக்கம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, முந்தின நாள் ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் நீங்கப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாம் கேட்டிருக்கும். "ஏறுதா எறங்குதான்னு ஒரு வார்த்த எழுதினா கை தேஞ்சிடுமா?" என்றாள்.  

மறுநாள் காலை கோலாருக்கு பஸ் ஏறினேன். அந்த அலுவலகத்தில் என்னைக் கேவலமாக நடத்தினார்கள் என்று எழுத முடிந்தால் இந்தக் கதை எனக்கு எவ்வளவு வசதியாக இருக்கும். அப்படி இல்லை. அந்தக் குமாஸ்தா எழுந்து நின்று நாற்காலி போட்டார். தமிழ் தெரியும்; வேண்டுமென்றே தமிழிலேயே பேசினார். பொறுமையாகக் கேட்டார். நான் பென்சிலால் ஒரு ஷாஃப்டை வரைந்து, மேலே பூஜ்யத்தைப் போட்டு, கீழே தண்ணீரைப் போட்டு விளக்கியபோது உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

"நீங்க சொல்றது சரி சார். ஆனா நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த நம்பரை நான் மாத்த முடியுமா?"

முடியாது. அது எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் நானே அதைச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்தான எண்ணை அழிக்கக் கூடாது. குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், திருத்தியவர் சுருக்கொப்பம், திருத்தியதற்கு ஆதாரம். என் கீழே வேலை பார்த்தவர்கள் இதற்காக என்னை எவ்வளவு திட்டியிருப்பார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

"ஆதாரம் இருந்தா திருத்தலாம்," என்றார். "அந்தக் குறி எந்த எடத்துல இருக்கு, எவ்வளவு உயரத்துல இருக்குன்னு, அது யாரோடதோ அவங்ககிட்டருந்து ஒரு சர்ட்டிபிகேட். இல்லன்னா அந்தக் கல்லையே யாராவது அளந்து குடுக்கட்டும். நீங்க சொன்ன அந்த ஆராய்ச்சிப் பொண்ணுகிட்ட கருவி இருக்கும் இல்லயா? அது போதும். நான் ஃபைல் போடறேன்."

பஸ்ஸில் திரும்பும்போது ஏறக்குறைய உற்சாகமாகவே இருந்தேன். அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை கருவியோடு வருவதாகச் சொன்னாள். அதற்கு முன்பே பார்த்துவிடலாம் என்று டிரைவரைக் கூட்டிக்கொண்டு மறுநாள் சர்வே ஆபீஸுக்குப் போனேன். கட்டடத்துக்குக் கூரை எப்போதோ போய்விட்டது தெரியும். கதவு, ஜன்னல் போனதும் தெரியும். உண்ணிச்செடியை விலக்கிக்கொண்டு வாசல் பக்கம் போனோம்.

வாசல் இருந்தது. படி இல்லை. மூன்று படியும் இருந்த இடத்தில் ஒரு பள்ளம், அதில் உடைந்த பீங்கான். நல்ல கருங்கல், யாரோ வீடு கட்ட எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

டிரைவர் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இன்னா சர்வேயரே, பூஜ்யத்தையே தூக்கினு போயிட்டானுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் பாதியில் நின்றுவிட்டது. "தேடலாம் வா," என்றார். "எவனாவது துணி தொவைக்கிற கல்லா போட்டிருப்பான்."

"கெடைச்சும் பிரயோஜனமில்ல. நகர்ந்துட்டா அது பூஜ்யம் இல்ல, வெறும் கல்லு."

அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். "அப்ப நம்ம ஆறு வர்சம்?"

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வந்தாள். ஷாஃப்ட் வாயின் உயரத்தை அளந்தாள். தண்ணீர் ஏறுகிறது என்று தன் பெயரில் ஒரு கடிதமும் கொடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு மறுபடி கோலார். குமாஸ்தா அதைப் படித்துவிட்டு உள்ளே கொண்டுபோனார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அவர் முகத்திலேயே பதில் இருந்தது. ஷாஃப்ட் வாய் இவ்வளவு உயரம் என்பது சரி. ஆனால் பழைய அளவுகள் அந்த வாயிலிருந்து எடுத்தவை அல்ல, காணாமல் போன ஒரு கல்லிலிருந்து எடுத்தவை என்று மனுதாரரே சொல்கிறார். நடுவில் உள்ள முப்பத்தெட்டு அடிக்கு மனுதாரரின் வார்த்தையைத் தவிர வேறு சாட்சியம் இல்லை. எனவே புது மனு. தரையிலிருந்து ஆழம் என்ற முதல் பத்தியில். எல்லாப் பருவமும் வரும்படி தொடர்ந்து பன்னிரண்டு மாத அளவுகள், ஒவ்வொன்றுக்கும் தேதி விழும் செல்போன் படத்தோடு.

"தப்பா நெனைக்காதீங்க சார்," என்றார்.

நினைக்கவில்லை. அவர் நாற்காலியில் நான் இருந்திருந்தால் இதையேதான் எழுதியிருப்பேன், இன்னும் மோசமான நடையில். எனக்கு எரிச்சல் அதுதான். கோபித்துக்கொள்ள ஒரு முட்டாள் கூட எனக்குக் கிடைக்கவில்லை. வானத்தில் இருப்பது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அந்தப் பெண் சரியாகச் சொன்னாள். குமாஸ்தா விதிப்படி நடந்தார். கல்லை எடுத்தவனுக்கு அது கல். தப்பு செய்தது ஒரே ஒரு ஆள், அவன் ஊரிலேயே அதிகம் நடைமுறை தெரிந்தவன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். இன்னும் பன்னிரண்டு மாசம், அதுக்கப்புறம் மனு, அதுக்கப்புறம் உத்தரவு.

 அன்று டேங்கர் வரும் நாள். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் வீட்டில் இருக்கும்போது அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. நான் பின்னாலேயே போய்க் குடத்தைப் பிடுங்கினேன். மேட்டில் பாதி தூரம் நானும் மீதி தூரம் அவளும் தூக்கி வந்தோம். வாசலில் வைக்கும்போது அவள் முழங்காலில் கையை வைத்துக் குனிந்து நின்றாள், ரொம்ப நேரம்.

மாசி முடிவதற்குள் பையன் கார் எடுத்து வந்தான். இரண்டு பெட்டி, ஊறுகாய் ஜாடி, அவளுடைய மாத்திரைப் பை. "வெயில் காலம் மட்டுந்தான்," என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. "நீங்களும் வாங்களேன்," என்றாள். அளவு விட்டுப்போனால் பன்னிரண்டு மாதமும் மறுபடி முதலிலிருந்து என்றேன். அது உண்மை. அவளுக்கு அது காரணமாகப் பட்டதா என்று தெரியவில்லை.

அந்தப் பெண் இப்போதும் மாதா மாதம் புதுப் படத்தை என் போனுக்கு அனுப்புகிறாள். கேஜிஎஃப்பும் பெங்களூருவும் ஒரே கட்டம். இங்கே இரண்டு குடம் தண்ணீரைத் தூக்க முடியாத ஒருத்தி அங்கே மூன்றாம் மாடியில் குழாயைத் திறக்கிறாள். மேலே சுற்றும் அந்த ஜோடிக்கு எதுவும் எங்கேயும் நகரவில்லை.

முதல் தேதிகளில் டிரைவர் கம்பியை இறக்குகிறார். நான் ஒரு தட்டுத் தட்டுகிறேன். போனில் படம் எடுக்கிறேன். எதையும் கூட்டுவதில்லை. பிறகு மனைவிக்கு போன் செய்கிறேன். அது அவள் போட்ட நிபந்தனை, அவளிடம் சொல்லாமல் பதிவேட்டில் எழுதக் கூடாது.

ஜூன் முதல் தேதி ஐந்தாவது அளவு.

"இன்னா வந்துச்சு?"

"இருநூத்தி எண்பத்தஞ்சு."

"போன மாசம்?"

"அதேதான்."

"அப்ப ஏறலயா?"

"மழை வரல இன்னும். எறங்கவும் இல்ல."

அவள் பின்னால் எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பாத்திரம் தேய்க்கிறாள் போலிருந்தது. குழாயை மூடினாள்.

"ஏறுதுன்னு போட்டுடவா?" என்று கேட்டேன்.

"வாணாம். இருக்கறத எழுதினதுக்கே இந்தக் கதி. நிக்குதுன்னு எழுதுங்க."

எண்ணுக்குப் பக்கத்தில் 'நிற்கிறது' என்று எழுதினேன். படிவத்தில் அதற்குப் பத்தி கிடையாது; ஓரத்தில் எழுதினேன். அவள் மறுபடி குழாயைத் திறந்தாள். இன்னும் ஏழு அளவுகள் இருக்கின்றன.